கியர்பொக்ஸ் மாற்றிய லொறிக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருத்துதல்

மலையகத்தில் கொழுந்து ஏற்றும் சிறிய லொறிகள் பலவற்றில் கைப்பிரேக் கியர்பொக்ஸின் பின்புறத்திலேயே இருப்பதால், கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய கணமே கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது. ஆகவே, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் அரிதான சமதரையைத் தேடி நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே அடியில் படுக்க வேண்டும்.

மாற்றிய கியர்பொக்ஸின் நீளம் வேறுபட்டால் பழைய ஷாஃப்ட் பொருந்தாது. அளவெடுப்பதை நீங்களே செய்வது நல்லது. அப்போது லொறியின் பாரம் சக்கரங்களின் மீதே இருக்க வேண்டும். சட்டத்தை ஜாக்கில் தூக்கினால் பின் அச்சு தொங்கி அளவு பிழைத்துவிடும். ஷாஃப்டின் நீளம் கூடிக்குறைய உள்ளும் வெளியும் நகரும் ஸ்லிப் யோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் வெளியே இழுத்து, அந்நிலையில் அளந்துகொள்ளுங்கள். இந்த இடைவெளி இல்லையெனில், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் கியர்பொக்ஸை இடிக்கும்.

ஷாஃப்டின் குழாயை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டுபவர் இரு முனைக் கவைகளையும் ஒரே தளத்தில் நிறுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். சற்றுத் திரும்பியிருந்தாலும் அதிர்வு ஓயாது. ஒட்டிய பின் பேலன்ஸ் பார்ப்பது கட்டாயம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் மடங்கியபடி சுழலவிடும் யுனிவர்சல் ஜொயின்ட்டுகளின் கோணங்கள் இரண்டும் 3 பாகைக்குள், ஒன்றுக்கொன்று 1 பாகைக்கு மேல் வேறுபடாமல் இருப்பது நன்று. பழைய நட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள்.