முட்டி லிகமென்ட் ஆபரேஷன் முடிஞ்ச நாயை வருஷக்கணக்கா எப்படி பாத்துக்கறது

பின்னங்கால் முட்டில லிகமென்ட், அதாவது எலும்புங்கள இணைக்கற நார், கிழிஞ்சு டிபிஎல்ஓங்கற ஆபரேஷன் பண்ணி, 8 வாரம் கழிச்சு எக்ஸ்ரே பாத்துட்டு எலும்பு கூடிடுச்சுன்னு டாக்டர் சொன்னதும், அப்பாடான்னு பழையபடி பந்து தூக்கிப் போட ஆரம்பிச்சிடறாங்க நெறைய பேர். தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. இந்த ஆபரேஷன்ல கிழிஞ்ச லிகமென்ட்ட ஒட்ட வைக்கறதில்ல, முட்டிக்கு கீழ இருக்கற எலும்போட மேல்பக்கத்த வெட்டித் திருப்பி பிளேட் போட்டு சரிவை குறைக்கறாங்க, அதனால லிகமென்ட் இல்லாமலே முட்டி வழுக்காம நிக்குது. நல்லா பண்ணின ஆபரேஷன்னா பெரும்பாலான நாய்ங்க நல்லாவே நடக்கும், ஓடும். ஆனா அந்த முட்டில ஆர்த்ரைட்டிஸ் கொஞ்சம் கொஞ்சமா வரத்தான் செய்யும், எவ்ளோ சீக்கிரம், எவ்ளோ வலியோடங்கறதுல நம்ம பங்கு ரொம்ப பெருசு.

என்னை கேட்டா எல்லாத்துக்கும் மேல வெயிட்தான். மாத்திரை, டானிக்குக்கு கொட்டற காசுல பாதி கூட தேவைப்படாது, நாயை ஒல்லியா வச்சுக்கிட்டா. லேப்ரடார் குட்டிங்க 48-ஐ வச்சு அமெரிக்காவுல பண்ணின ஒரு ஆய்வு 2002-ல வந்துச்சு, அதுல 25 சதவீதம் கம்மியா சாப்பிட்ட நாய்ங்க கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு, ஆர்த்ரைட்டிஸும் லேட்டாத்தான் வந்துச்சு. வீட்ல செக் பண்றது ஈஸி: விலா மேல லேசா தடவிப் பாருங்க, அழுத்தாமலே எலும்பு கைக்கு தட்டுப்படணும், மேலருந்து பாத்தா இடுப்பு உள்வாங்கி தெரியணும். சாப்பாட்ட கண்ணளவுல போடாம தராசுல நிறுத்துப் போடுங்க, பாட்டி தர்ற பிஸ்கட், டிவி பாக்கறப்ப போடற சப்பாத்தித் துண்டு எல்லாத்தையும் அந்தக் கணக்குலயே சேத்துடுங்க, வீட்ல எல்லாரும் ஒத்துக்கணும், இல்லன்னா நடக்காது.

அடுத்தது தரை. டைல்ஸ்ல கால் விரிஞ்சு வழுக்கினா நல்ல காலுக்கும் ஆபத்து, அதனால நாய் தினமும் போற வழில ரப்பர் மேட் போடுங்க, பாதத்துக்கு அடில வளர்ற முடிய வெட்டி விடுங்க. நடைய தினமும் ஒரே அளவுல, லீஷ்ல மெதுவா வச்சுக்கோங்க, ஏன்னா வேகமா போனா சில நாய்ங்க அந்தக் கால தூக்கிக்கிட்டு மூணு கால்லயே சமாளிச்சிடும், மெதுவா நடந்தாத்தான் கால ஊனும், தொடை சதை திரும்ப ஏறும். வாரம் முழுக்க படுத்துக் கிடந்துட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் பீச்ல மணிக்கணக்கா ஓட விடறது வேண்டவே வேண்டாம்.

ஒரு கால்ல கிழிஞ்ச நாய்ங்கள்ல ஏறக்குறைய பாதிக்கு அடுத்த கால்லயும் கிழியுது, அதனால அந்தக் காலையும் கவனிச்சுக்கிட்டே இருங்க. உக்காரும்போது கால மடக்காம பக்கவாட்டுல நீட்டி வைக்குதா, எழுந்ததும் முதல் நாலு அடி நொண்டுதா, மாசத்துக்கு ஒரு தடவை இன்ச் டேப் வச்சு ரெண்டு தொடையையும் ஒரே இடத்துல அளந்து, ஒண்ணு சுருங்குதான்னு பாருங்க. நல்லா இருந்த நாய் திடீர்னு நொண்டினாலோ, முட்டில கிளிக் கிளிக்னு சத்தம் வந்தாலோ மெனிஸ்கஸ், அதாவது முட்டிக்குள்ள குஷன் மாதிரி இருக்கற ஜவ்வு, கிழிஞ்சிருக்கலாம், பிளேட் இருக்கற இடம் வீங்கினா, சீழ் வந்தா அது இன்ஃபெக்ஷனா இருக்கலாம், வருஷம் கழிச்சும் வரும், ரெண்டுக்குமே உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க. வலிக்குதேன்னு நாம போடற புரூஃபென் மாத்திரைய மட்டும் குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணு வந்து கிட்னியே போயிடும். நாய்க்குன்னு இருக்கற வலி மருந்து கூட டாக்டர் எழுதின டோஸ்லதான், ரொம்ப நாள் குடுக்கறதா இருந்தா நடுநடுவுல ரத்த டெஸ்ட் எடுத்துக்கோங்க.