பரம்பரைப் புற்றுநோய் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு பரம்பரையாக வருபவை. அவற்றுக்கு முதன்மைக் காரணம் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய இரு மரபணுக்களில் உள்ள மாற்றங்கள். இவற்றைக் கண்டறியச் சிறிதளவு இரத்தமோ எச்சிலோ போதும். பிழைகள் நேர்வது பரிசோதனைக்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சில்தான்.

குடும்ப வரலாறு கேட்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. "வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா?" என்று ஒற்றை வரியில் கேட்டால் "இல்லை டாக்டர்" என்ற பதிலே வரும். மார்பகப் புற்றுநோய் தாய்வழியில் மட்டுமே வரும் என்று எண்ணி, அந்தப் பெண் அம்மாவையும் பெரியம்மாவையும் மட்டும் நினைத்துப் பார்த்திருப்பார். ஆனால் இந்த மாற்றம் தந்தையிடமிருந்தும் அதே அளவு வாய்ப்புடன், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்புடன் வருகிறது. "அத்தை வயிற்றில் நீர் கோத்து நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்" என்று பேச்சுவாக்கில் சொல்லப்படுவது, இதே மாற்றத்தால் வரக்கூடிய சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கக்கூடும். ஆகவே இரு வழி உறவினரையும் ஒவ்வொருவராக, எந்த வயதில் என்ன நோய், எந்த உறுப்பை எதற்காக எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். சித்தப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இம்மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பதால் அதையும் விட்டுவிடக் கூடாது.

யாருக்கு முதலில் பரிசோதனை என்பதிலும் தவறு நேர்கிறது. கூடுமானவரை நோய் வந்தவரையே முதலில் சோதிக்க வேண்டும். குடும்பத்தில் எந்த மாற்றம் உள்ளது என்று தெரியாத நிலையில், நலமாக இருக்கும் மகளுக்கு மாற்றம் இல்லை என்று வரும் முடிவு அவருக்கு முழு ஆறுதல் தரக்கூடியதன்று.

எண்களை வயதோடு சேர்க்காமல் சொல்வதை நான் மிகப் பெரிய பிழையாகக் கருதுகிறேன். 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றின்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு. ஆனால் 30 வயதுக்குள் அது ஏறத்தாழ 4, 40 வயதுக்குள் ஏறத்தாழ 24. முதல் எண்ணை மட்டும் கேட்கும் இருபத்தாறு வயதுப் பெண், நோய் வாசலில் நிற்பதாகவே வீடு திரும்புவார்.

பொருள் உறுதிப்படாத மாற்றம், அதாவது தீங்கு தருமா தராதா என்று இன்னும் தெரியாத மாற்றம், என்று அறிக்கையில் வருவதை, "ஏதோ இருக்கிறது" என்ற தொனியில் சொல்லவே கூடாது. அத்தகையவை மறு மதிப்பீட்டில் பெரும்பாலும் தீங்கற்றவையாகவே வகைப்படுத்தப்படுகின்றன. அதை மட்டும் நம்பி எவருக்கும் அறுவை செய்வதில்லை.

வழிகளை எடுத்துரைக்கும்போது மார்பகத்தையும் சினைப்பையையும் ஒரே தட்டில் வைப்பது மற்றொரு தவறு. மார்பகத்துக்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30 முதல் மேமோகிராமும் என்று கண்காணிக்க இயலும். இரு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றினால் அபாயம் ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும் என்றாலும், அது அவரவர் தேர்வு. சினைப்பைக்கு அப்படி நம்பத்தகுந்த கண்காணிப்பு இல்லை. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் இறப்பைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. ஆதலால், குழந்தைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 45 வயதுக்குள்ளும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது. அதனால் மாதவிடாய் உடனே நின்றுபோவதையும், உடல் அனலெடுப்பதையும், எலும்பு தேய்வதையும் முன்னரே சொல்லாவிட்டால், பிறகு அந்தப் பெண் மருத்துவரை நம்பமாட்டார்.

கணவரிடமோ அண்ணனிடமோ முடிவைச் சொல்லிவிட்டு, எதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணை விட்டுவிடும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் உண்டு. கல்யாணமாகாத பெண் என்றால், செய்தி வெளியே போனால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சமும் வீட்டில் எழும்; அதைக் கடிந்துகொள்ளாமல், யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவரே தீர்மானிக்க விட வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குச் சொல்ல அவர் இசைந்தால், வாய்மொழியாக அனுப்பாமல், எந்த மரபணுவில் எந்த மாற்றம் என்பதைத் துல்லியமாகக் குறித்த கடிதம் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அது இருந்தால், வேறு ஊரில் இருக்கும் தங்கைக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினாலே போதும்.