முதல்ல பர்சனல் கார்டு, அப்புறம் பிசினஸ் கார்டு

திருப்பூர்ல எட்டு மெஷின் போட்டு பவர் டேபிள் (கூலிக்குத் தைக்கற) யூனிட் நடத்தறேனுங்க. ஜாப் ஒர்க் பேமெண்ட் ரெண்டு மாசம் இழுக்கும். நூலுக்கும் ஊசிக்கும் அன்னைக்கே காசு வேணும். அதுக்காக ஒரே வாரத்துல மூணு பேங்க்ல பிசினஸ் கார்டு கேட்டேன். மூணுமே ரிஜெக்ட். இப்ப ரெண்டு வகைக் கார்டும் கையில இருக்கு.

நான் நம்பினது ஒரு அமெரிக்க வீடியோவை. அங்க பல பிசினஸ் கார்டு தனிநபர் கடன் ரிப்போர்ட்ல ஏறாது, அதனால பிசினஸ் கார்டை முதல்ல வாங்கச் சொல்றாங்க. இங்க புரொப்ரைட்டர்னா (ஒரே ஆள் முதலாளி) கடைக்குத் தனி பான் கிடையாதுங்க. உங்க பான்தான், உங்க சிபில் ஸ்கோர்தான்.

முதல் வேலை, ரிப்போர்ட் எடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நம்ம கடன் கணக்கை வெச்சிருக்கிற நாலு கம்பெனியுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். நாமளே பார்த்தா ஸ்கோர் குறையாது. எனக்கு எப்பவோ கட்டி முடிச்ச வண்டிக் கடன் இன்னும் ஓடறதாக் காட்டுச்சு. கடன் பாக்கியில்லைங்கிற என்ஓசி வெச்சு டிஸ்ப்யூட் (தப்பைத் திருத்தச் சொல்ற மனு) போட்டுச் சரி பண்ணினேன்.

அடுத்து பர்சனல் கார்டு. கடனே வாங்கிப் பழக்கமில்லைன்னா எஃப்டி மேல தர்ற கார்டுதான் என் சிபாரிசு. டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள செலவு பண்ணுங்க. ஆட்டோ டெபிட்ல ‘மினிமம்’ வேண்டாம், ‘டோட்டல் டியூ’ போடுங்க. ஏடிஎம்ல கார்டைச் சொருகவே வேண்டாம். எடுத்த நாள்ல இருந்தே வட்டி. இப்படி ஆறு மாசம் ஓட்டுங்க.

அந்த ஆறு மாசத்துல பேரைச் சரி பண்ணிருங்க. நான் மாட்டினது இங்கதான். பான்ல அப்பா பேரு முழுசா இருக்கு, ஆதார்ல இனிஷியல் முன்னாடி, கரண்ட் அக்கவுண்ட்ல பின்னாடி. யூனிட் பேரு ஜிஎஸ்டில ‘கார்மெண்ட்ஸ்’, உதயம்ல (சிறுதொழில் பதிவு) ‘டெக்ஸ்’. மேனேஜர் பேப்பரையெல்லாம் மேசையில வரிசையா வெச்சு பென்சில்ல வட்டம் போட்டுக் காட்டினாரு. நாலு வட்டம்! முதல்ல பானையும் ஆதாரையும் ஒண்ணாக்குங்க. அப்புறம் ஜிஎஸ்டி டிரேட் நேம், உதயம், கடைசியா பேங்க் கேஒய்சி. உதயம் பதிவு முழுக்க இலவசம். அதுக்குப் போய் யாருக்கும் காசு குடுக்காதீங்க.

இப்ப பிசினஸ் கார்டு. கரண்ட் அக்கவுண்ட் இருக்கிற பேங்க் ஒண்ணுல மட்டும், ரெண்டு வருஷ ஐடி ரிட்டர்னோட நேர்ல போய்க் கேளுங்க. ஆன்லைன்ல நாலு இடத்துல தட்டிவிட்டா ரிப்போர்ட்ல நாலு என்கொயரி (கடன் கேட்ட பதிவு) ஏறும். கார்டு வந்ததும் ஜிஎஸ்டி நம்பரை ஏத்தச் சொல்லுங்க. ஆண்டுக் கட்டணத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி ரெகுலர் ஸ்கீம்ல இருந்தா அதை இன்புட்டா (நாம கட்டற ஜிஎஸ்டில கழிச்சு) எடுத்துக்கலாம். மளிகை, ஸ்கூல் ஃபீஸ் இதுல வேண்டாம், ஆடிட்டருக்குப் பிரிக்கவே நாள் போயிரும்.

சேர்த்தது: கோபில இருந்து ஒரு அக்கா, வீட்லயே தைக்கறேன், ஜிஎஸ்டி இல்லைன்னாங்க. ஜிஎஸ்டி கட்டாயமில்லாதவங்களும் உதயம் பதியலாங்க்கா. எஃப்டி கார்டை ஓட்டிக்கிட்டே ஐடி ரிட்டர்ன் போட ஆரம்பிங்க.

கரூர் தம்பிக்குக் கேட்காமலே ஒரு கார்டு வந்திருக்கு. அப்படி அனுப்பவே கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லயே விதி போட்டிருக்கு. 30 நாளா ஆக்டிவேட் பண்ணாத கார்டுக்கு ஓடிபி கேட்பாங்க. குடுக்காதீங்க தம்பி, அதுக்கப்புறம் ஏழு வேலை நாள்ல கட்டணமில்லாம அவங்களே மூடணும்.