இங்கிலிஷ் எஸ்ஸேயில நம்ம பிள்ளைங்க திரும்பத் திரும்ப விடுற தவறுகள்

இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல ஞாயித்துக்கிழமை காலைல ஒரு கிளாஸ் எடுக்கிறேன். ஏலெவல் முடிச்சுட்டு கெம்பஸ் போகக் காத்திருக்கிற பிள்ளைங்க, டிப்ளோமாவுக்கு பதிஞ்சு வச்சிருக்கிறவங்க, கடையில வேலை செஞ்சுக்கிட்டே படிக்கிற ரெண்டு மூணு பேர், எல்லாம் சேர்த்து 26 பேர். அடிப்படை கிராமரும் எஸ்ஸேயும்தான் பாடம். போன கிழமை அவங்க எழுதின எஸ்ஸே கட்டை திருத்த உக்காந்தேன், முடிக்கிறதுக்குள்ள மனசு பாரமாயிருச்சு, ஏன்னா அதுல இருந்த தவறுல பாதி அந்த வயசுல நான் விட்டது, அச்சு மாறாம அப்படியே இருந்துச்சு.

இதுக்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும். ஏலெவல்ல ஜெனரல் இங்கிலிஷ் இருக்கு, ஆனா அந்த மார்க்ஸ் கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோருக்கு சேராது, அதனால ரெண்டு வருஷமும் அந்தப் புத்தகத்தை தொடுறதே இல்ல. பிறகு சயன்ஸ், மெனேஜ்மன்ட்னு கெம்பஸ் போனா லெக்சர் இங்கிலிஷ்ல நடக்குது. அந்த ரெண்டு வருஷ இடைவெளியை மூணு மாசத்துல நிரப்பப் பாக்கிறாங்க, அவசரத்துல கையில எது கிடைக்குதோ அதைப் பிடிச்சுக்கிறாங்க.

ஸ்பெல்லிங், கெப்பிடல் லெட்டர், ஹீ ஷீ வந்தா வேர்ப்ல எஸ் சேர்க்கிறது இதெல்லாம் இங்க எழுதல. அதை எந்த டீச்சரும் சிவப்புப் பேனையால வட்டம் போட்டுக் காட்டுவாங்க. வட்டம் போட்டும் புரியாம போற விஷயங்களைத்தான் சொல்லணும்னு நினைச்சேன்.

இஸ்ஸை எல்லா இடத்துலயும் ஒட்டுறது

"எங்க அப்பா டிரைவர்." தமிழ்ல இது முழு வசனம், வினைச்சொல் ஒண்ணும் தேவையில்ல. அதனால சின்ன வகுப்புல பிள்ளை "மை ஃபாதர் டிரைவர்"னு எழுதும், டீச்சர் "இஸ் எங்க, இஸ் எங்க"ன்னு கேட்டுக் கேட்டு மண்டையில ஏத்திருவாங்க. அப்புறம் அந்த இஸ் எங்கயும் விடாது. "மை ஃபாதர் இஸ் டிரைவ் லொறி", "மை மதர் இஸ் வேர்க் இன் எஸ்டேட்". பத்து வருஷமா இதே வசனத்தை பாக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த வசனத்துல ஏற்கனவே ஒரு வேலை நடக்குதா? ஓட்டுறாரு, நடக்குது. அப்போ "மை ஃபாதர் டிரைவ்ஸ் எ லொறி", இஸ் வேணாம். வேலை ஒண்ணும் நடக்கல, அவரு யாருன்னு மட்டும் சொல்றீங்கன்னா "மை ஃபாதர் இஸ் எ டிரைவர்". இப்ப இந்த நிமிஷம் ஓட்டிக்கிட்டு இருக்காருன்னா இஸ் போடலாம், ஆனா டிரைவ் போயி டிரைவிங் ஆகணும்.

த (the) எங்க போடணும்னு தெரியாம குருட்டுத்தனமா எறியிறது

தமிழ்ல எ, த மாதிரி ஆர்ட்டிகிளே இல்ல, அதனால நமக்கு அது வராதுன்னு பிள்ளைங்க முடிவு கட்டிருறாங்க. ஆனா த செய்யிற வேலையில ஒரு பங்கை தமிழ்ல இரண்டாம் வேற்றுமை உருபு, அந்த ஐ, செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. "நேத்து புத்தகம் வாங்கினேன்"னு சொன்னா ஏதோ ஒரு புத்தகம். "நேத்து புத்தகத்தை வாங்கினேன்"னு சொன்னா கேக்கிறவருக்கும் எதுன்னு தெரிஞ்ச அந்தப் புத்தகம். முதலாவதுக்கு "எ புக்", ரெண்டாவதுக்கு "த புக்". வசனத்தை தமிழ்ல வாய்விட்டு சொல்லிப் பாருங்க, நாக்குல ஐ தானா வந்துச்சுன்னா த போடுங்க. பொருளைக் குறிக்கிற சொல், அதுவும் செயப்படுபொருளா வர்ற இடத்துக்குத்தான் இது சரியா வரும், ஆளுங்களைச் சொல்றப்போ தமிழ்ல எப்படியும் ஐ வந்துரும்ங்கிறதால அங்க இதை நம்ப வேணாம். இருந்தாலும் இந்த ஒரு வழியால கிளாஸ்ல பாதிப்பேருக்கு ஆர்ட்டிகிள் பயம் போயிருச்சு.

எச்சத்தை கமாவா மாத்துறது

"எங்கம்மா விடியக்காலைல எழும்பி, ரொட்டி சுட்டு, தம்பிய பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு, மலைக்கு போயி, கொழுந்து எடுத்துட்டு, அந்தியில வருவாங்க." இது ஒரே வசனம், எவ்வளவு அழகா ஓடுது பாருங்க. எழும்பி, சுட்டு, விட்டுட்டு, போயி, எடுத்துட்டு எல்லாம் வினையெச்சம், முற்று ஒண்ணுதான், கடைசில வர்ற "வருவாங்க". இதை இங்கிலிஷுக்கு கொண்டு போறப்போ ஒவ்வொரு எச்சமும் ஒரு முழு வசனமா மாறிருது: "மை மதர் கெட்ஸ் அப் ஏர்லி, ஷீ மேக்ஸ் ரொட்டி, ஷீ லீவ்ஸ் மை பிரதர் அட் த கிரெஷ், ஷீ கோஸ் டு த ஃபீல்ட்". நாலு முழு வசனத்தை மூணு கமா தாங்காது. இங்கிலிஷ்ல கமாவுக்கு அந்த பலம் இல்ல.

ஒவ்வொரு ஷீயையும் அதோட வேர்ப்பையும் பென்சிலால வட்டம் போடுங்க. ரெண்டு வட்டத்துக்கு நடுவுல கமா மட்டும் இருந்தா அங்க ஃபுல் ஸ்டொப் வைங்க, இல்லாட்டி அன்ட், சோ, பிகோஸ்னு ஒரு சொல்லைப் போட்டு இணைங்க. "ஷீ கெட்ஸ் அப் அட் ஃபோர் அன்ட் மேக்ஸ் ரொட்டி. ஆஃப்டர் ஷீ லீவ்ஸ் மை பிரதர் அட் த கிரெஷ், ஷீ கோஸ் டு த ஃபீல்ட்." ரெண்டு வசனம், போதும்.

டிஸ்கஸ் அபவுட்

அபவுட் வேணாம். நம்ம "பத்தி" டிஸ்கஸுக்குள்ளயே இருக்கு.

ஆல்தோ போட்டுட்டு அதே வசனத்துல பட்டும் (but) போடுறது

ஒண்ணு போதும்.

பாடமாக்கின எஸ்ஸே

இதை எழுதத்தான் மத்ததெல்லாம் எழுத ஆரம்பிச்சேன்.

அந்த 26 பேருக்கும் நான் குடுத்த கேள்வி இதுதான்: நீங்க இருக்கிற இடத்துல உள்ள ஒரு பிரச்சினையை சொல்லி, அதுக்கு ஒரு தீர்வு எழுதுங்க. ஒம்பது பேப்பர் ஒரே வசனத்துல ஆரம்பிக்குது: "டீ இஸ் த பேக்போன் ஒஃப் அவர் கன்ட்ரி." அப்புறம் ஜேம்ஸ் டெய்லர் 1867ல லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை போட்டது வருது. தகவல் சரி, பிழையே இல்ல. ஆனா நான் கேட்டதுக்கு அது பதிலா? கடைசி பரகிராப்ல மட்டும் "சோ வீ ஷுட் சோல்வ் திஸ் ப்ரொப்ளம்"னு இருக்கு, எந்தப் பிரச்சினைன்னு மேல எங்கயுமே இல்ல. ரெண்டு பேப்பர்ல "எஸ்டேட் பீப்பிள் வோன்ட் 1000 ருபீஸ்"னு இருந்துச்சு. அந்த ஆயிரம் ரூபா நாள் சம்பளம் 2021 மார்ச்லயே வந்தாச்சு. அதை எழுதினதுல ஒரு பிள்ளையோட அம்மா அப்பா ரெண்டு பேரும் தோட்டத்துல பேர் போடுறவங்க (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதுக்குத்தான் நாள் சம்பளம்), வீட்டுல சம்பளம் எவ்வளவுன்னு அந்தப் பிள்ளைக்கு சதக்கணக்குல தெரியும். தெரிஞ்சும் பழைய டியூட்ல, கிளாஸ்ல குடுக்கிற அச்சுத் தாள்ல, இருந்ததை எழுதிருக்கு, ஏன்னா அதுதான் இங்கிலிஷ்ல இருந்துச்சு.

எனக்கு கோவம் வர்ற இடம் இதுதான்.

பிள்ளைங்க மேல கோவம் இல்ல. ஓலெவலுக்கு பத்து எஸ்ஸே டைப் பண்ணி குடுத்து "இதுல ஒண்ணு கட்டாயம் வரும், பாடமாக்குங்க"ன்னு சொல்ற பழக்கம் இருக்கே, அது மேலதான். ஓலெவல்ல அது எப்படியோ ஓடிரும். அதுக்கு மேல ஓடாது. நல்ல கிராமர்ல பாடமாக்கின ஆறு வரிக்கு பக்கத்துல பிள்ளை சொந்தமா எழுதின ஒரு வரி வந்தா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியா தெரியும், திருத்துறவங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். கண்டுபிடிச்ச பிறகு அந்த நல்ல ஆறு வரிக்கும் மார்க்ஸ் போகாது.

எனக்கு நடந்ததை சொல்றேன். கெம்பஸ்ல சேர்ந்த முதல் கிழமையே இங்கிலிஷ் மட்டத்தைப் பாக்க ஒரு டெஸ்ட் வச்சாங்க. கேள்வி, மறக்க முடியாத ஒரு பிரயாணம். எனக்கு பாடமா இருந்தது மரங்களோட பயன். நான் என்ன செஞ்சேன், "வீ வென்ட் பை ட்ரெயின். ஒன் த வே தெயார் வேர் மெனி ட்ரீஸ்"னு ரெண்டு வரி எழுதிட்டு மரத்துக்குள்ள இறங்கிட்டேன், ஒக்சிஜன், மண்ணரிப்பு, நிழல்னு ஒன்றரைப் பக்கம். கடைசி மட்டத்துல போட்டாங்க. அந்த குரூப்ல இருந்தவங்களுக்கு கிழமைல கூடுதலா ஆறு மணித்தியாலம் கிளாஸ், மத்தவங்க லைப்ரரியில இருக்கிறப்போ நாங்க ஃபில் இன் த பிளேங்க்ஸ் செஞ்சுக்கிட்டு இருந்தோம். பேப்பரை திருப்பிக் குடுத்தப்போ அதுல ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்துச்சு, "பிரயாணம் எங்க?" அப்படின்னு.

அந்தப் பிரயாணம் எங்கிட்ட இருந்துச்சு. அஞ்சு நாளைக்கு முந்தித்தான் ஹட்டன் ஸ்டேஷன்ல நைட் மெயில் ஏறி கொழும்புக்கு வந்திருந்தேன், தனியா வந்த முதல் தடவை. ஏறுறப்போ ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். நாவலப்பிட்டி தாண்டுறப்போ ஒண்ணைக் கழட்டினேன், ரம்புக்கனையில மத்ததையும் கழட்டினேன், கொழும்புல இறங்கறப்போ சட்டை முதுகோட ஒட்டிருந்துச்சு, பேக்ல ரெண்டு ஸ்வெட்டரும் இடத்தை அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு. இதை எழுத எனக்கு எந்தப் பெரிய இங்கிலிஷும் தேவைப்பட்டிருக்காது. "ஐ டுக் ஒஃப் மை ஸ்வெட்டர் அட் நாவலப்பிட்டி." அஞ்சாம் வகுப்பு கிராமர். அதை எழுதலாம்னே எனக்குத் தோணல, அதெல்லாம் எஸ்ஸேக்குள்ள வர்ற விஷயம்னு யாரும் சொல்லித் தரல.

அதனால இப்ப நான் செய்யிறது, பேப்பரை மூடச் சொல்லிட்டு தமிழ்ல கதைக்க வைக்கிறது. அந்த ஒம்பது பேர்ல ஒரு தங்கச்சியை கூப்பிட்டு, "ஒங்க வீட்டுல போன மாசம் எதுக்கு சண்டை வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"அரைப்பேருக்கு சேர்."

"யாருக்கு அரைப்பேர்?"

"அம்மாவுக்கு. இருவது கிலோ எடுத்தாங்க, மழைன்னு தண்ணிக்கும் கூடைக்கும் மூணு கிலோ கழிச்சுட்டாங்க. பதினெட்டு இருந்தாத்தான் முழுப்பேர். ஒரு கிலோவால அரைப்பேர் போட்டாங்க சேர், தராசுல என்ன காட்டுச்சுன்னே அம்மாவுக்கு தெரியாது."

ரெண்டு நிமிஷத்துல பிரச்சினை, காரணம், கணக்கு எல்லாம் வந்துருச்சு. இதுதான் எஸ்ஸே. "இதை ஏம்மா எழுதல?"ன்னு கேட்டா, "அரைப்பேருக்கு இங்கிலிஷ் தெரியாது சேர்"ங்குது. ஒரு சொல் தெரியாததால முழு விஷயத்தையும் விட்டுட்டு 1867க்கு போயிருச்சு. சொல் தெரியாட்டி நடந்ததை சொல்லுங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேனையை கடிச்சுக்கிட்டு இருந்துட்டு எழுதினது இது: "தே ரோட் ஒன்லி ஹாஃப் எ நேம் ஃபோர் மை மதர், சோ ஷீ கொட் ஹாஃப் த பே." நான் அதுல ஒரு எழுத்தையும் மாத்தல. பாதிப் பேர்னா வாசிக்கிறவங்களுக்கு முதல்ல விளங்காது, ஆனா அடுத்த பாதி வசனமே விளக்கிருது.

டொபிக்கையே தீசிஸ்னு நினைக்கிறது

"திஸ் எஸ்ஸே இஸ் அபவுட் வெயிங் டீ லீவ்ஸ்" தீசிஸ் இல்ல, அது தலைப்பு. தீசிஸ்னா ஒருத்தர் "நான் ஒத்துக்கமாட்டேன்"னு சொல்லக்கூடிய ஒரு வசனம். "கொழுந்து நிறுக்கிறப்போ கழிக்கிற கிலோவை எழுத்துல காட்டணும்"னு சொன்னா தோட்டத்து கணக்கப்பிள்ளை சண்டைக்கு வருவாரு, அப்போ அது தீசிஸ். சண்டை வராட்டி திருப்பி எழுதுங்க.

எழுதிக்கிட்டே திருத்துறது

முதல் வரியை நாலு தரம் வெட்டி நேரம் முடிஞ்சு போன பேப்பர் எத்தனையோ பாத்துட்டேன். முதல்ல முழுசா எழுதி முடிங்க, பிழையோடயே எழுதுங்க. பிறகு மூணு சுத்து வாசிங்க: ஒரு சுத்து வேர்ப்புக்கு மட்டும், ஒரு சுத்து கமாவுக்கும் ஃபுல் ஸ்டொப்புக்கும், கடைசிச் சுத்து ஆர்ட்டிகிளுக்கு. எல்லாத்தையும் ஒரே சுத்துல தேடினா ஒண்ணும் கண்ணுல படாது. வாய்விட்டு வாசிங்க, ஒட்டி ஒட்டிக் கட்டின லயத்துக் காம்பராவுல பக்கத்து வீட்டுக்கு கேக்கும்னு வெக்கப்படுறாங்க, எனக்கு அது விளங்குது, குசுகுசுன்னாவது வாசிங்க. மூச்சு வாங்குற இடத்துல ஃபுல் ஸ்டொப் இல்லாட்டி அங்க ஒருக்கா பாருங்க.

கூகுள் ட்ரான்ஸ்லேட்

ஒரு சொல்லுக்கு பாருங்க. பரகிராப்புக்கு வேணாம்.

இன் கன்க்ளூஷன்

இது போட்டுட்டு முதல் பரகிராப்பை வேற சொல்லுல திருப்பி எழுதுறது. நான் கேட்ட கேள்வியில தீர்வு எழுதச் சொல்லிருந்தேன், கடைசி பரகிராப் அதுக்குத்தான் இருக்கு. அந்தத் தங்கச்சி ரெண்டாவது தரம் எழுதிக் குடுத்தப்போ கடைசியில இன் கன்க்ளூஷன் இருந்துச்சு, நான் அதை மட்டும் வெட்டினேன். அதுக்குப் பிறகு அவங்களே எழுதின வசனம்: "த ஸ்கேல் ஷுட் ஃபேஸ் த வுமன் ஹூ ப்ளக்ட் த லீவ்ஸ்." தராசோட முகம் கொழுந்து எடுத்தவங்க பக்கம் இருக்கணுமாம். ப்ளக்ட்ல ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சு, அதையும் அவங்களே மூணாவது சுத்துல பிடிச்சாங்க.