உங்கள் அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினருக்குப் பணம் யார் தருகிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு மசோதா பரபரப்பானதும் நான் முதலில் திறப்பது மத்திய தேர்தல் ஆணையத்தின் இணையதளம். உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைத் தேடுங்கள். ஒரு தேர்தல் சுற்றில் மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை பார்க்கும் நிறுவனம் எல்லாம் வரும். நிறுவனப் பத்தியைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்தே லஞ்சம் என்று முடிவுகட்டுவது அநியாயம், கொடுத்தவர்கள் தனிநபர்கள்.

அப்புறம் லாபி அறிக்கைகள், அதாவது சட்டங்களைத் தங்களுக்குச் சாதகமாக்க உறுப்பினர்களிடம் ஆள் வைத்துப் பேசுவது பற்றிய அறிக்கைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கலாகும் அவற்றில் எந்த மசோதாவுக்காகப் பேசினார்கள், மொத்தம் எவ்வளவு பணம் என்று இருக்கும். குறித்த பெயர் இங்கேயும் இருக்கிறதா? சரி, அந்த மசோதாவை ஆராயும் காங்கிரஸ் குழுவில் உங்கள் உறுப்பினர் இருக்கிறாரா பாருங்கள். குழு இடங்களைப் பங்கிடுவதில் கட்சித் தலைமையின் கைதான் ஓங்கியிருக்கும்.

அரசியல் டிவி விளம்பரத்தின் கடைசி வரியையும் விடாதீர்கள், பணம் கட்டிய அமைப்பின் பெயர் அங்கேதான் வரும். பிறகு மசோதா எண்ணோடு உங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் போட்டு நிலைப்பாட்டைக் கேளுங்கள்.