ஆகஸ்ட் கேம்ப்பை வைத்து உங்கள் கல்லூரி ஃபுட்பால் அணியை எடைபோடுவது எப்படி?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் வேறு பேச்சே கிடையாது. ஆட்டம் தொடங்க இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கும், ஆனால் கேம்ப் (பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்) தொடங்கிவிட்டது, பயிற்சியாளர் தினமும் மைக் முன்னால் வந்து பசங்க பிரமாதமாக உழைக்கிறார்கள் என்று சொல்கிறார், ரசிகர்கள் அதை வைத்துக்கொண்டு இந்த வருஷம் பத்து வெற்றி நிச்சயம் என்று கணக்குப் போடுகிறார்கள். மாஸ்டர்ஸ் படிக்க வந்து, மாணவர் டிக்கெட்டில் ஓர் ஆட்டம் பார்த்து, அதோடு அந்த அணியை விட முடியாமல் போன நம் ஊர்ப் பிள்ளைகளும் இதில் நிறைய. இது அமெரிக்கன் ஃபுட்பாலின் விதிகள் ஓரளவு தெரிந்து, கேம்ப் செய்திகளை எப்படிப் படிப்பது என்று தெரியாதவர்களுக்கான விளக்கம்.

நான் சொல்ல வருவது இதுதான்: கேம்ப்பில் யார் என்ன பேசினார்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, யார் எந்த வரிசையில் எத்தனை நாள் நின்றார்கள் என்பதைப் பாருங்கள்.

2024 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் அதற்கு முந்தைய பருவத்தில் 13-0 (13 வெற்றி, தோல்வி இல்லை) என்று ஏசிசி கோப்பையை வென்ற அணி; ஏசிசி, பிக் 12 எல்லாம் கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் பிரிவுகள். நாடு முழுக்க உள்ள பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையில், பருவத்துக்கு முன்பு, 10-ஆம் இடம், ஏசிசி-யில் முதலிடம் பிடிக்கும் என்று பத்திரிகையாளர்கள் வாக்களித்திருந்தார்கள். அரிசோனா ஸ்டேட் 2023-இல் 3-9. புதிதாகச் சேர்ந்த பிக் 12 பிரிவில் 16 அணிகளில் கடைசி இடம்தான் வரும் என்றது பத்திரிகையாளர் வாக்கெடுப்பு. முடிவில் ஃப்ளோரிடா ஸ்டேட் 2-10. அரிசோனா ஸ்டேட் பிக் 12 சாம்பியனாகி, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க 12 அணிகள் ஆடிய பிளேஆஃப் வரை போனது. இந்த இரண்டையும் வைத்தே படிகளைப் பார்ப்போம்.

படி 1: கேம்ப் தொடங்கும் முன்பே ஒரு தாளை எடுங்கள்

போன வருஷம் அதிகம் ஆடிய 22 பேரின் பெயரை எழுதுங்கள், அஃபென்ஸ் 11, டிஃபென்ஸ் 11. படிப்பு முடிந்து போனவர், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போனவர், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வழியாக வேறு கல்லூரிக்குப் போனவர் எல்லாரையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் அணி. பழைய வெற்றிக் கணக்கு அந்தப் பழைய 22 பேருடையது, இப்போது இருப்பவர்களுடையது அல்ல.

ஃப்ளோரிடா ஸ்டேட் தாளில் இதைச் செய்து பாருங்கள். குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் போயாச்சு. பந்து பிடிக்கும் கீயோன் கோல்மன், ஜானி வில்சன், ஓடும் டிரே பென்சன், டிஃபென்சிவ் லைனில் ஜேரட் வெர்ஸ், பிரேடன் ஃபிஸ்க் எல்லாரும் போயாச்சு. என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் மட்டும் அந்த அணியிலிருந்து 10 பேர். 13-0 என்ற எண்ணை உண்டாக்கியவர்களில் பாதி முக்கியமானவர்கள் இல்லை, ஆனால் 10-ஆம் இடம் மட்டும் அந்த எண்ணின் வெளிச்சத்தில் கிடைத்தது.

அரிசோனா ஸ்டேட் தாளில் வேறு கதை. 2023-இல் அவர்களுக்குக் குவாட்டர்பேக்குகள் அடுத்தடுத்துக் காயம், அஃபென்சிவ் லைனில் பாதிப் பேர் காயம். ரன்னிங் பேக் கேம் ஸ்கட்டபோ ஓடினார், பந்து பிடித்தார், எறிந்தார், பன்ட் கூட அடித்தார், அவ்வளவு ஆள் பஞ்சம். அவர் 2024-க்குத் திரும்பி வந்தார். அந்தத் தாளைப் பார்த்து சாம்பியன் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கடைசி இடம் என்று எழுத மனசு வந்திருக்காது.

படி 2: வந்தவர்களை நட்சத்திர மதிப்பீட்டை வைத்து மதிக்காதீர்கள்

போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021-இலிருந்து முதல் முறை மாறுபவர் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதில்லை, 2024-இலிருந்து எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். அதனால் இன்று கேம்ப்பில் பாதி முகம் புதிது. புதியவரைப் பற்றி மூன்றே கேள்வி கேளுங்கள்: முந்தைய கல்லூரியில் எத்தனை ஸ்னாப் ஆடினார், எந்த மட்டத்து எதிரணிகளோடு ஆடினார், இங்கே இருக்கும் பயிற்சியாளரின் ஆட்ட முறை அவருக்கு ஏற்கெனவே தெரியுமா.

மூன்றாவது கேள்விக்குத்தான் ஜனங்கள் மதிப்புக் கொடுப்பதில்லை. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து இண்டியானாவுக்கு வந்தபோது தன் பழைய வீரர்கள் 13 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னக் கல்லூரி ஆட்கள்தானே என்று பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அவருடைய பிளேபுக் அத்துப்படி, கேம்ப்பின் முதல் நாளிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலையில் இருந்தார்கள். 2023-இல் 3-9 ஆக இருந்த அணி 2024-இல் 11-2.

படி 3: முதல் சில நாளைக் கண்டுகொள்ளாதீர்கள்

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் விதிப்படி கேம்ப்பில் மொத்தம் 25 பயிற்சிகள். வெயிலுக்கு உடம்பு பழக வேண்டும் என்பதால் முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அப்புறம் ஹெல்மெட்டோடு தோள் பேட், அதற்கும் பிறகுதான் முழுப் பேட். ஹெல்மெட் மட்டும் போட்ட நாளில் யாரும் யாரையும் இடிப்பதில்லை. அன்று பந்து பிடிப்பவர்கள் எல்லாரும் அசத்துவார்கள், வீடியோ பார்த்தால் உங்களுக்கு உடனே ஜுரம் ஏறும். இது வேகமாக ஓடும் போட்டி மட்டுமே, ஃபுட்பால் அல்ல. முழுப் பேட் போட்ட நாளிலிருந்து வரும் செய்திகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: லைனைப் பாருங்கள், மறுபடியும் லைனைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கேம்ப் செய்திகளில் குவாட்டர்பேக்குக்குப் பத்துப் பத்தி, லைனுக்கு ஒரு வரி. வெற்றி தோல்வி தீர்மானமாவது அந்த ஒரு வரியில்.

அஃபென்சிவ் லைனில் ஐந்து பேர்: இடது டேக்கிள், இடது கார்டு, சென்டர், வலது கார்டு, வலது டேக்கிள். பெரும்பாலான அணிகள் பயிற்சியின் ஆரம்பப் பகுதியை மட்டும்தான் பத்திரிகையாளர்களைப் படம்பிடிக்க விடும். உடம்பை வளைப்பது, தனித்தனி டிரில், அவ்வளவுதான் கிடைக்கும். பரவாயில்லை, அதுவே போதும். டிரில்லில் முதலில் வரிசையில் நிற்கும் ஐந்து ஜெர்சி எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளும் எழுதுங்கள். இரண்டாவது வாரம் முடியும்போது அதே ஐந்து எண்கள் அதே இடங்களில் நின்றால் நல்ல அறிகுறி. இந்த ஐவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்து நகர வேண்டியவர்கள், அதற்கு ஒன்றாக நின்ற நாட்கள் வேண்டும். மூன்றாவது வாரத்திலும் வலது கார்டு இடத்தில் தினமும் ஒரு புது எண் என்றால், பயிற்சியாளர் அதற்கு "போட்டி ஆரோக்கியமாக இருக்கிறது" என்று பெயர் வைப்பார். நீங்கள் ஓட்டை என்று எழுதுங்கள்.

ஒன்றுக்கு ஒன்று பாஸ் ரஷ் டிரில் வீடியோ கிடைத்தால் பந்து இருக்கும் பக்கமே போகாமல் டேக்கிளின் காலை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் அவர் பின்னோக்கிக் குட்டிக் குட்டி அடியாக, இடுப்பைத் தாழ்த்தி, பாதத்தைத் தரையை ஒட்டியே வைத்து நகர்கிறாரா? அல்லது இரண்டாவது அடியிலேயே எழுந்து நின்று, தோளைத் திருப்பி, எதிராளியைக் கையால் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாரா? இரண்டாவது வகை ஆள் ஆட்டத்தில் ஹோல்டிங் பெனால்டி வாங்குவார், அல்லது குவாட்டர்பேக் முதுகில் அடி வாங்குவார். ஒரு விஷயம் மறக்கக் கூடாது, இந்த டிரில்லே டிஃபென்ஸ் ஆளுக்குச் சாதகமானது, நிஜ ஆட்டத்தில் பக்கத்தில் உதவிக்கு ஒரு கார்டு இருப்பார், இங்கே இல்லை. அதனால் தோற்றாரா என்று பார்க்காதீர்கள், எப்படித் தோற்றார் என்று பாருங்கள்.

2024-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் முதல் ஆட்டமே டப்ளினில், ஆகஸ்ட் 24, ஜார்ஜியா டெக்கோடு. 24-21, கடைசி நொடி ஃபீல்டு கோலில் தோல்வி. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஃபீல்டு கோல் வெறும் முத்திரைதான், லைனில் அவர்கள் நாள் முழுக்கப் பின்னால் தள்ளப்பட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க அவர்களுடைய ஓட்ட ஆட்டம் நாட்டிலேயே மிகவும் மோசமானவற்றில் ஒன்றாக இருந்தது.

படி 5: குவாட்டர்பேக் போட்டி

முதல் அணியோடு (ஆட்டத்தில் முதலில் இறங்கும் ஆட்களோடு) யார் எத்தனை முறை பயிற்சி எடுக்கிறார் என்பதுதான் ஒரே உண்மையான தகவல். டெப்த் சார்ட்டில் (ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதல், யார் மாற்று என்ற பட்டியலில்) இரண்டு பெயருக்கு நடுவில் "அல்லது" என்று போட்டிருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், பல சமயம் தோற்றவர் போர்ட்டலுக்குள் போகாமல் இருக்கவும் எதிரணியைக் குழப்பவும் அப்படிப் போடுவார்கள். பேச்சை விட்டுவிட்டு, முடிவு எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். அரிசோனா ஸ்டேட் 2024-இல் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து வந்த இளைஞர் சாம் லெவிட்டை, அனுபவசாலியான ஜெஃப் சிம்ஸை விட்டுவிட்டு, ஆகஸ்டிலேயே தேர்ந்தெடுத்தது. ஆகஸ்டுக்குள் அனுபவத்தைத் தாண்டி ஓர் இளைஞர் ஜெயித்தால் அது பெரிய செய்தி, அடிக்கோடு போடுங்கள். முதல் ஆட்டத்தில் வயோமிங்கை 48-7 என்று அடித்தார்கள்.

இன்னொன்று. குவாட்டர்பேக்குகள் கேம்ப்பில் தனி நிற ஜெர்சி போடுவார்கள், அவர்களைத் தொடக் கூடாது என்று அர்த்தம். பக்கத்தில் ஆள் வந்தாலே விசில், சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) என்று கணக்கு. பிடியிலிருந்து நழுவி ஓடுவதே பலமாக உள்ள ஒரு குவாட்டர்பேக்கின் பாதித் திறமை கேம்ப்பில் வெளியே தெரியவே தெரியாது. அதேபோல் "டிஃபென்ஸ் இன்று ஏழு சாக்" என்று வருவதையும் பாதியாக வெட்டிப் படியுங்கள்.

படி 6: ஸ்க்ரிமேஜ் எண்களைப் பிரித்துப் படியுங்கள்

கேம்ப்பில் ஒன்றிரண்டு முறை தங்களுக்குள்ளேயே ஆட்டம் போல ஆடுவார்கள். அரிசோனா ஸ்டேட்டுக்கு இது பெரிய திருவிழா, தங்கள் ஊரான டெம்பியின் வெயிலை விட்டு பேசன் பக்கத்து மலைக்காட்டில் உள்ள கேம்ப் டோன்டோசோனாவுக்குப் போவார்கள், 1960-இல் ஃபிராங்க் குஷ் தொடங்கிவைத்த வழக்கம், பைன் மரங்களுக்கு நடுவில் ரசிகர்கள் நேரில் உட்கார்ந்து பார்க்கலாம். வாய்ப்பு இருந்தால் போங்கள்.

ஆனால் எண்களில் ஏமாறக் கூடாது. இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான். மூன்று டச் டவுன் பாஸ் விழுந்தது என்றால் குவாட்டர்பேக் நன்றாக எறிந்தாரா, நம் கார்னர்பேக் கோட்டை விட்டாரா? இரண்டுக்கும் அதே எண்தான். முதல் அணி யாரோடு ஆடியது என்பதைத் தேடுங்கள். முதல் அணி அஃபென்ஸ் முதல் அணி டிஃபென்ஸோடு ஆடியதை மட்டும் எடுங்கள். பெனால்டி, ஸ்னாப் தவறு, தவறவிட்ட ஃபீல்டு கோல் இவற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள், அவை யாரோடு ஆடினாலும் தவறுதான்.

படி 7: காயம்

"நாளுக்கு நாள் பார்க்கிறோம்" என்றால் தீவிரம் தெரியவில்லை அல்லது சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டில் சைக்கிள் ஓட்டுகிறாரா, சாதாரண உடையில் நிற்கிறாரா என்று பாருங்கள். சைக்கிள் என்றால் நம்பிக்கை உண்டு. ஒரே வரிசையில் இரண்டு பேருக்கு மேல் வெளியே என்றால் தாளில் அந்த இடத்தைச் சிவப்பாக்குங்கள்.

படி 8: போன வருஷத்து நூலிழை ஆட்டங்கள்

ஒரே ஸ்கோர் வித்தியாசத்தில், அதாவது 8 புள்ளிக்குள், முடிந்த ஆட்டங்களை எண்ணுங்கள். அவற்றில் பெரும்பாலும் ஜெயித்த அணி அடுத்த வருஷம் கீழே வரும். டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 2022-இல் 13-2 என்று தேசிய இறுதி வரை போனது, நூலிழையில் எத்தனையோ ஜெயித்து. 2023-இல் 5-7. இதையே திருப்பிப் போட்டு, நெருக்கமாகத் தோற்ற அணி தானாக மேலே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். நெப்ராஸ்கா 2021-இல் 3-9, ஒன்பது தோல்வியும் 9 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசம். அதிர்ஷ்டம் இல்லை, அடுத்த வருஷம் திரும்பும் என்றார்கள். 2022-இல் 4-8. நெருக்கத்தில் தோற்றதற்குக் காரணம் உதைப்பவரா, லைனா, பயிற்சியாளரா என்று பார்த்து, அந்தக் காரணம் கேம்ப்பில் சரியாகியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

படி 9: எண்ணாக எழுதுங்கள்

12 ஆட்டத்தையும் வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் வெற்றி வாய்ப்பு போடுங்கள். உதாரணமாக, எளிய மூன்று ஆட்டத்துக்கு 90 சதவீதம், அது 2.7. கொஞ்சம் சாதகமான நான்குக்கு 65, அது 2.6. சமமான மூன்றுக்கு 45, அது 1.35. கடினமான இரண்டுக்கு 20, அது 0.4. கூட்டினால் 7.05, அதாவது ஏழு வெற்றி. ஆறு வந்தாலே பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி, அதனால் இந்த அணி பவுலுக்குப் போகும், பத்து வெற்றி பற்றிப் பேசத் தேவையில்லை.

கூட்டும்போது மனசு 65-ஐ 80 ஆக்கச் சொல்லும். ஓர் ஆட்டத்தை உயர்த்த வேண்டுமென்றால் மேலே எழுதிய ஏதாவது ஒரு குறிப்பைக் காரணமாகக் காட்ட முடிய வேண்டும்: அதே ஐந்து லைன் ஆட்கள், ஆகஸ்டிலேயே தேர்வான குவாட்டர்பேக், காயத்திலிருந்து திரும்பியவர். காட்ட முடியாவிட்டால் எண் அப்படியே இருக்கட்டும்.

தேதி போட்டு, ஆகஸ்ட் நடுவில் ஏபி தரவரிசை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அதைப் பார்த்த பிறகு எழுதினால் உங்கள் எண் அதன் பக்கம் சாய்ந்துவிடும். முதல் ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு லைனும் ஓட்டத்தில் எத்தனை யார்டு கொடுத்தன, எத்தனை எடுத்தன என்று பாருங்கள். மிச்சம் 11 ஆட்டத்தின் சதவீதத்தை அதை வைத்துத் திருத்துங்கள்.