லுச்சா லிப்ரே குடும்பங்களை அடையாளம் கண்டு ரசிப்பது எப்படி

மெக்சிகோவின் தொழில்முறை மல்யுத்தமான லுச்சா லிப்ரேயைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள், யார் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை அறிந்துகொண்டால் ஆட்டத்தை முழுமையாக ரசிக்கலாம். அங்கே ஒருவர் அணிந்து வரும் முகமூடியும், அவர் களமிறங்கும்போது அறிவிக்கப்படும் பெயரும் பல சமயங்களில் அவருடைய தந்தையோ மாமாவோ சம்பாதித்து வைத்த சொத்து. அந்தச் சொத்து நிலைக்குமா, போகுமா என்ற கவலையோடுதான் ரசிகர்கள் அரங்கத்துக்கு வருகிறார்கள்.

ஏற்கனவே தெரிந்த ஒருவரிலிருந்து தொடங்குங்கள். தொலைக்காட்சியில் டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்தவர்களுக்கு ரே மிஸ்டீரியோவைத் தெரியும். திஹுவானாவில் அவரைப் பயிற்றுவித்துத் தம் பெயரையே கொடுத்தவர் அவருடைய மாமா, மூத்த ரே மிஸ்டீரியோ. இன்று இளையவரின் மகன் டொமினிக்கும் களத்தில் இருக்கிறார். எடி கெரேரோவை அறிந்தவர்கள் அவருடைய தந்தை கோரி கெரேரோவிடம் போகலாம். கோரியின் மகன்கள் சாவோ, மாண்டோ, ஹெக்டர், எடி ஆகிய நால்வரும் மல்யுத்த வீரர்கள். சாவோவின் மகனும் அப்படியே. இந்த வம்சாவளியை ஒரு தாளில் எழுதும்போது பெண் வழி உறவையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கோரியின் மனைவி ஹெர்லிண்டா, என்ரிக்கே யானெஸ் என்ற மல்யுத்த வீரரின் சகோதரி. இப்படிப்பட்ட திருமண உறவுகளை விட்டுவிட்டால் பல குடும்பங்களுக்கு இடையே உள்ள தொடர்பு பிடிபடாது.

அடுத்து, பெயரின் வால்பகுதியையும் முன்பகுதியையும் கவனியுங்கள். 'ஜூனியர்' என்றோ 'எல் இஹோ டெல்', அதாவது 'இன்னாரின் மகன்', என்றோ வந்தால் உடனே இரத்த உறவு என்று முடிவு கட்ட வேண்டாம். வெள்ளி முகமூடி அணிந்து 50-க்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்த எல் சான்டோவுக்குப் பின் வந்த எல் இஹோ டெல் சான்டோ அவர் பெற்ற மகன். எல் சான்டோவின் பெரும் போட்டியாளரான புளூ டீமனின் பெயரை ஏந்திய புளூ டீமன் ஜூனியரோ வளர்ப்பு மகன். பணம் கொடுத்து ஒப்பந்தத்தின் பேரில் பெயரைப் பெற்றவர்களும் உண்டு. மறுபுறம், இரத்த உறவு இருந்தும் பெயரைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். எல் சான்டோவின் பேரன் ஒருவர் 'சான்டோவின் பேரன்' என்ற பெயரில் களமிறங்கியபோது, பெயருரிமையைக் கையில் வைத்திருந்த எல் இஹோ டெல் சான்டோ நீதிமன்றம் சென்று தடுத்தார். ஆகவே இரத்த உறவா, வளர்ப்பா, ஒப்பந்தமா என்று ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே விசாரிப்பது அவசியம்.

முகமூடியின் வரலாறுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. முகமூடியைப் பணயம் வைத்து மோதும் போட்டியில் தோற்றவர், களத்திலேயே அதைக் கழற்றித் தம் உண்மைப் பெயரையும் சொந்த ஊரையும் சொல்ல வேண்டும். அதன்பின் அந்த முகமூடியை அவர் அணியக் கூடாது. ஆனால் தந்தையின் தோல்வி மகனைக் கட்டுப்படுத்துவதில்லை. டாக்டர் வாக்னர் 1985-இல் எல் சொலிடாரியோவிடம் முகமூடியை இழந்தார். அடுத்த ஆண்டு நேர்ந்த கார் விபத்தோடு அவருடைய மல்யுத்த வாழ்க்கையே முடிந்தது. அதே வெள்ளை முகமூடியோடு டாக்டர் வாக்னர் ஜூனியர் என்று மகன் வந்தார். அவரிடமிருந்து 2017-இல் அதைப் பறித்தவர் சைக்கோ கிளவுன். பெயரைப் பார்த்தால் எந்தக் குடும்பத்தவர் என்றே தெரியாத இவர், பிராசோ தே பிளாட்டாவின் மகன். அந்தத் தந்தை உட்பட பிராசோ சகோதரர்கள் மூவர் 1988-இல் வில்லானோ சகோதரர்களிடம் முகமூடிகளை இழந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த தலைமுறைப் பிள்ளை புதிய பெயரில் பெற்ற வெற்றியின் கனம் புரியும்.

அந்த வில்லானோக்கள் மல்யுத்த வீரர் ரே மெண்டோசாவின் ஐந்து மகன்கள். பிள்ளைகள் படித்து மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மூத்தவர்கள் இருவர் அவருக்குத் தெரியாமல் முகமூடி அணிந்து ஆடிவந்ததை அறிந்த பிறகுதான் தாமே பயிற்சி கொடுக்க இசைந்தார்.

பிடிகளையும் பாருங்கள். கவிழ்ந்து கிடப்பவரின் முதுகில் அமர்ந்து, அவருடைய கைகளைத் தம் தொடைகளின்மேல் மாட்டி, தாடையைப் பிடித்துப் பின்னால் வளைக்கும் 'லா தே அ கபாயோ' என்ற பிடி கோரி கெரேரோ உருவாக்கியது. அவரோடு இணைந்து ஆடிய எல் சான்டோ அதைத் தம் முத்திரையாக்கிக்கொண்டார். பின்னர் அது அவருடைய மகன் எல் இஹோ டெல் சான்டோவுக்கு வந்தது. ஒரு பிடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், முகமூடியே இல்லாத குடும்பங்களையும் இனம் காணலாம். பெப்பே காசஸின் மகன் நெக்ரோ காசஸ், எஸ்தர், சிந்தியா முதலிய மொரேனோ சகோதரிகள் ஆகியோரை அவர்களது ஆட்டத்தாலேயே அறிய வேண்டும்.

முதலில் பார்க்க 2000 மார்ச் 17 அன்று மெக்சிகோ நகரின் அரேனா மெஹிகோவில் மூன்றாம் வில்லானோவும் அட்லாண்டிஸும் முகமூடிகளைப் பணயம் வைத்து மோதிய ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். வில்லானோ தோற்றார். அதன்பின் 2022 செப்டம்பரில் அதே அரங்கில் அட்லாண்டிஸ் ஜூனியர் தம் முகமூடியைப் பணயம் வைத்து ஸ்டூகா ஜூனியரை வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். மகன் எதை இழக்கத் துணிந்து இறங்கினார் என்பது அப்போது விளங்கும்.